சேமிப்பு ஒழுக்கச் சான்றிதழ்

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒன்பது வருடமாகச் சேர்த்த பணம் சேமிப்பே இல்லை என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குத் தெரியவந்தது. அதைச் சொன்னவர் 'முதல் வீட்டு வாரியம்' என்ற அமைப்பின் ஆலோசகர். தங்கமான மனிதர். முகத்தில் கடுகளவு கடுப்பு கிடையாது. இந்த மாதிரிச் செய்தியைக் கொஞ்சம் சிடுசிடுப்பாகச் சொன்னாலாவது எதிரே இருப்பவன் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்திவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழி வைக்காத சிரித்த முகம்.

"இது சேமிப்பு இல்ல சார்," என்றார் ஆலோசகர், பாஸ்புக்கை இரண்டு விரலால் மூடிவிட்டு. "இது சும்மா மிச்சம்."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"திட்டம் போட்டு ஒதுக்கினா அது சேமிப்பு. செலவு பண்ணாததுனால நின்னுபோச்சுன்னா அது மிச்சம். உங்ககிட்ட திட்டம் இருந்துச்சா?"

"கவர் இருந்துச்சு சார்."

கவர் என்றால் ஏழு கவர். மெக்கானிக்கின் மனைவி சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். அளந்து வெட்டுவது அவள் தொழில். அதையே வீட்டிலும் செய்தாள். சம்பள நாளன்று இரண்டு பேர் சம்பளத்தையும் தரையில் பரப்பி, ஏழு கவரில் போடுவாள். ஏழாவது கவரில் 'வீடு' என்று எழுதியிருக்கும். மற்ற ஆறும் பிரிவதற்கு முன்னால் அது பாங்குக்குப் போய்விடும். அந்த ஆறில் ஏதாவது மிஞ்சினால் அதுவும் பின்னாலேயே போகும். ஒன்பது வருடத்தில் 'வீடு' கவரில் கைவைத்தது ஒரே ஒரு முறை, மெக்கானிக்கின் முன்பல் சொத்தையாகிப் பிடுங்கியபோது. பிடுங்க மட்டும்தான். புதுப் பல் கட்ட டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, "வாயை மூடிச் சிரிச்சாப் போச்சு," என்று எழுந்து வந்துவிட்டான்.

இதையெல்லாம் அவன் விளக்கமாகச் சொன்னான். ஆலோசகர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கவர் ரொம்ப நல்ல பழக்கம் சார். ஆனா கவருக்கு எங்ககிட்ட தலைப்பு இல்ல."

மெக்கானிக் வாரியத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு டீச்சரம்மா. அவர் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்டை மாதம் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது மெக்கானிக்கின் வேலை. மூன்றாவது மாடியில் அவர் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. அந்தச் சமையலறையில் ஆள் உயர ஜன்னல். ஒரு நாள் டீச்சரம்மா தண்ணீர் கொடுக்கக் கூப்பிட்டபோது மெக்கானிக் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவனும் மனைவியும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளும் இருந்தது தகரம் அடிக்கும் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில். அங்கே ஜன்னல் என்ற பெயரில் இருந்ததைத் திறந்தால் தகரச் சத்தம், மூடினால் புழுக்கம். மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் பாடம் படித்தாள்.

டீச்சரம்மா வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். விலையும் நியாயமான விலை. "உனக்குன்னா ஆறு மாசம் காத்திருப்பேன். அதுக்கு மேல முடியாதுப்பா. தங்கச்சிக்கு உடம்பு முடியல," என்றார். கையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. மீதிக்குக் கடன் கேட்டுப் பாங்குக்குப் போனால், பாங்கு மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: முதல் வீடு வாங்குகிறவர்கள் வாரியத்தின் சேமிப்பு ஒழுக்கச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அது இல்லாமல் கடன் கிடையாது. வாரியமோ தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அதைக் கொடுக்கும்.

"பயிற்சி எவ்வளவு நாள் சார்?" என்று ஆலோசகரிடம் கேட்டான் மெக்கானிக்.

"கரெக்டா ஆறு மாசம்," என்றார் ஆலோசகர்.

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறு மாதம் என்றால் டீச்சரம்மா சொன்ன கெடுவுக்குச் சரியாக இருக்கும்.

"இந்த மிச்சத்தை மட்டும் எங்க தூய்மைக் கணக்குக்கு மாத்திடுங்க. ஆறு மாசம் அங்க இருந்தா இது சேமிப்பா மாறிடும்."

"எப்படி சார் மாறும்?"

"விதிமுறைப்படி மாறும்."

நடுவில் பணத்தை எடுக்க முடியாது, வட்டி கிடையாது, பாதுகாப்புக் கட்டணம் மட்டும் மாதாமாதம் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை ஓசைப்படக் கீழே வைத்தாள்.

"நம்ம பணத்தை அவங்ககிட்ட குடுத்துட்டு, அது நம்ம பணம்தான்னு அவங்ககிட்டயே சர்டிபிகேட் வாங்கணுமாக்கும்?"

"ஆறு மாசம்தாம்மா. கண்ணை மூடித் திறந்தா ஓடிரும்."

"கண்ணை மூடறப்பதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அவள். ஆனாலும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சமையலறை ஜன்னலை அவளும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

வாரியம் கொடுத்த வரவு செலவுப் படிவத்தில் நாற்பத்தெட்டுத் தலைப்புகள். வாடகை, மளிகை, பள்ளிக்கூடம் என்று நம்மைப் போன்றவர்கள் கேள்விப்பட்ட தலைப்புகள் எட்டோ ஒன்பதோதான். மற்றவை எல்லாம் சுற்றுலா, தோட்டக்கலை, பரிசுப் பொருட்கள், குடும்ப மகிழ்ச்சி, செல்லப் பிராணி என்று நீண்டுகொண்டே போயின. மெக்கானிக் தெரிந்ததை நிரப்பிவிட்டு மீதிக்கெல்லாம் பூஜ்யம் போட்டு நீட்டினான். ஆலோசகர் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பூஜ்யம் எடுக்காது சார். எல்லாத் தலைப்புலயும் ஏதாவது ஒரு தொகை இருக்கணும்."

"எங்க வீட்ல செல்லப் பிராணி இல்லையே சார்."

"அப்படின்னு இங்க சொல்ல இடம் இல்லையே. குறைஞ்சபட்சமா இருபது போட்டுக்குங்க. ஆனா ஒண்ணு, போட்டா செலவு பண்ணணும். ஒதுக்கினதுக்கும் செலவானதுக்கும் ஒரு காசு வித்தியாசம் வரக் கூடாது. கூடினாலும் விலகல், குறைஞ்சாலும் விலகல். மூணு விலகலுக்கு மேல போச்சுன்னா சான்றிதழ் கிடைக்காது."

இப்படியாக, வீடு வாங்கச் சேமிக்கத் தெரியும் என்று நிரூபிப்பதற்காக அந்தக் குடும்பம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டபடி செலவு செய்ய ஆரம்பித்தது. தோட்டக்கலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினார்கள். அதை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். பரிசுப் பொருட்கள் தலைப்புக்காக மெக்கானிக் மனைவிக்கு ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தான். மறுமாதம் மனைவி அவனுக்கு ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தாள். செல்லப் பிராணிக்கு, ரசீது தரக்கூடிய ஒரே கடையில் ஒரே பொருள்தான் இருபதுக்குக் கிடைத்தது. அது பறவைத் தானியம். அந்தப் பொட்டலம் அலமாரியில் கிடந்தது. எறும்புகள்தான் அதனால் பயனடைந்தன.

இரண்டாவது மாதம் கள ஆய்வாளர் வந்தார். வாரியம் ஒதுக்கீட்டை நம்பும், ரசீதை நம்பும், ஆளை மட்டும் நம்பாது. அதனால் அவரை அனுப்பும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பிளாஸ்டிக் தொட்டியைக் குனிந்து பார்த்தார். இரண்டு சீப்பையும் எண்ணினார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்.

"செல்லப் பிராணி எங்க?"

மெக்கானிக் அலமாரியில் கிடந்த தானியப் பொட்டலத்தைப் பார்த்தான். மனைவி கொஞ்சமும் அசராமல் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள்.

"அதோ."

அங்கே ஒரு பல்லி இருந்தது. கள ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பேரு?"

"வீட்டுக்காரர்."

"பல்லிக்குப் பேரு வீட்டுக்காரரா?"

"இந்த ரூம்ல வாடகை குடுக்காம இருக்கறது அவர் ஒருத்தர்தானே சார்."

கள ஆய்வாளர் சிரிக்கவில்லை. சிரிப்பது அவர் வேலையில் இல்லை. 'பல்லி – ஒன்று. பெயர்: வீட்டுக்காரர். உடல்நிலை: திருப்தி' என்று எழுதிக்கொண்டார். "தானியம் சாப்பிடுமா?" என்று மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "இப்பதான் பழகிட்டிருக்கு," என்றாள் மனைவி. அவர் போன பிறகு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஆறு மாதத்தில் அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது மாதம் மெக்கானிக் ஒரு பெரிய தப்புச் செய்தான். அதிகமாகச் சம்பாதித்துவிட்டான்.

ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு லிஃப்ட் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு போகிற நிலைமை. மெக்கானிக் ஒரு வாரம் ராப்பகலாக வேலை பார்த்து இரண்டையும் எழுப்பினான். கம்பெனி கூடுதல் வேலைக்கு நல்ல தொகை கொடுத்தது. அவன் அதை அப்படியே கொண்டுபோய்த் தூய்மைக் கணக்கில் போட்டான். பாராட்டுவார்கள் என்றுகூட நினைத்தான், பாவம்.

ஆலோசகர் முகத்தில் முதல் தடவையாக வருத்தம் தெரிந்தது. "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? இது வரவு விலகல்."

"பணம் கூடத்தானே சார் வந்திருக்கு!"

"அதான் சார் பிரச்சனை. இன்னைக்குத் திட்டம் இல்லாம சேத்தவர் நாளைக்குத் திட்டம் இல்லாம செலவு பண்ண மாட்டார்னு என்ன உத்தரவாதம்?"

பரிகாரம் ஒன்று இருந்தது. அந்தக் கூடுதல் தொகையை அதே மாதத்துக்குள் முப்பத்தோராம் தலைப்பான குடும்ப மகிழ்ச்சியில் செலவழித்து, ரசீதோடு புகைப்படமும் கொடுத்தால் விலகலைக் கழித்துவிடுவார்கள். மாதம் முடிய நான்கு நாள்தான் பாக்கி. நான்கு நாளும் சாயங்காலம் மூன்று பேரும் ஐஸ்கிரீம் கடையில் போய் உட்கார்ந்தார்கள். இருப்பதிலேயே விலை கூடின ஐஸ்கிரீமாகக் கேட்டு வாங்கினார்கள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இறங்கும் குழிக்குள் கிரீஸும் தூசியுமாகக் கிடந்து சம்பாதித்த காசு கரண்டி கரண்டியாக உருகுவதைப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. மனைவி யாரையோ கடிப்பது போல அந்த ஐஸ்கிரீமைக் கடித்தாள்.

புகைப்படம் திரும்பி வந்தது. 'மகிழ்ச்சி தெளிவாக இல்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. மகள் மூன்றாவது நாளே இருமிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் மூன்று பேருமே துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மெக்கானிக் இனி வாயைத் திறந்து சிரிக்க வேண்டும் என்று ஆலோசகர் அன்பாகச் சொன்னார். திறந்தான். பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது. 'பல் மருத்துவத் தலைப்பில் ஒதுக்கீடு போதாது' என்று இன்னொரு சிவப்பு மைக் குறிப்பு வந்தது. விலகலைக் கழிக்கவில்லை.

மகளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. மருந்துச் செலவு ஒதுக்கியதைத் தாண்டியது. இரண்டாவது விலகல். ஐந்தாவது மாதம் கள ஆய்வாளர் மறுபடி வந்தபோது பல்லியைக் காணவில்லை. எங்கே போயிற்றோ, பல்லிக்கென்ன, சொந்த வீடா வாடகை வீடா என்று பார்த்தா ஊர்கிறது? அரை மணி நேரம் டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, 'செல்லப் பிராணி பராமரிப்பில் அலட்சியம்' என்று எழுதிக்கொண்டு போனார். அது மூன்றாவது. இன்னும் ஒன்று வந்தால் எல்லாம் போச்சு.

ஆறாவது மாதம் முழுக்க மெக்கானிக் ஒரு காசு பிசகாமல் நடந்தான். கடையில் மூன்று காசு மீதி கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தான். ஒரு காசு குறைந்தால் அடுத்த தெரு வரைக்கும் நடந்து போய் ஒரு காசுக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்தான். தெருவில் அவனைப் பார்த்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாலாவது விலகல் வரவில்லை. ஆறு மாதம் முடிந்தது. டீச்சரம்மா சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதிடலாமா?" என்று கேட்டார். "எழுதிடலாம்மா," என்றான் மெக்கானிக்.

புதன்கிழமை வாரியத்தின் அரையாண்டுக் கூட்டம். சான்றிதழ் அங்கேதான் தருவார்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். ஏழு மாடிக் கட்டடம், தரையெல்லாம் பளிங்கு. பயிற்சிக் கட்டணத்திலும் பாதுகாப்புக் கட்டணத்திலும் கட்டியது என்று வாசலில் கல்லில் பொறித்திருந்தார்கள். நாலு லிஃப்ட். மெக்கானிக் தொழில் பழக்கத்தில் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டான். ஊரிலேயே விலை கூடின லிஃப்ட் அது. அரங்கத்தில் முந்நூறு குடும்பங்கள் படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இயக்குநர் மேடை ஏறினார். குரல் கணீரென்று இருந்தது.

"அன்பான சேமிப்பாளர்களே! வீடு வாங்குவது பெரிய காரியம் அல்ல. பணம் இருக்கிற எவரும் வீடு வாங்கிவிடலாம். வாங்காமல் இருப்பதற்குத்தான் ஒழுக்கம் தேவை. இந்த வாரியம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பதினெட்டாயிரம் குடும்பங்கள் நம்மிடம் பயிற்சி பெற்றுள்ளன. பெருமையோடு சொல்கிறேன், அவர்களில் ஒரு குடும்பம்கூட வீட்டுக் கடனில் ஒரு தவணை தவறியது கிடையாது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெக்கானிக்குக்கு ஏதோ உறுத்தியது. அவன் கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. இருந்தாலும் எழுந்துவிட்டான்.

"சார், அந்தப் பதினெட்டாயிரம் பேர்ல எத்தனை பேர் கடன் வாங்கியிருக்காங்க?"

இயக்குநர் கேள்வியை ரசித்தார். "நல்ல கேள்வி. இதுவரை யாரும் வாங்கவில்லை. அதனால்தான் யாரும் தவறவில்லை. ஒரு கடன் கொடுத்துவிட்டால் இந்தச் சாதனைக்கு ஆபத்து வந்துவிடும் அல்லவா? ஆகவே தகுதியை நாங்கள் மிகவும் கவனமாகப் பார்க்கிறோம்."

மறுபடியும் கைதட்டல். மெக்கானிக்கின் மனைவி தட்டவில்லை. அவள் கை முழங்காலைப் பற்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஆலோசகர் ஒரு கடிதம் கொடுத்தார். மூன்று விலகல்தான், வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் கடைசி மாதம் ஒரு காசு பிசகாமல் கணக்கு வந்திருப்பது இயற்கைக்கு மாறாக இருப்பதாகக் குழு கருதுகிறது. ஆகவே பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது.

"பணத்தைத் திருப்பிக் குடுத்துருங்க சார்," என்றான் மெக்கானிக். "நான் வேற எங்கயாவது கடனோ உடனோ வாங்கிக்கறேன். எங்க பணத்தைக் குடுங்க."

"சான்றிதழ் இருந்தாத்தான் சார் எடுக்க முடியும்."

"சான்றிதழ் எப்ப குடுப்பீங்க?"

"ஒழுக்கம் வந்ததும்," என்றார் ஆலோசகர், தோளில் தட்டிக்கொடுத்து.

மெக்கானிக் டீச்சரம்மாவிடம் போய் இன்னும் ஆறு மாதம் கேட்டான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அடுத்த வாரம் போன் செய்து சொன்னார்: யாரோ ஆபீஸ்காரர்கள் வந்தார்களாம், மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்களாம். "மனசே கேக்கலப்பா. ஆனா வேற வழி தெரியல." அவர் மேல் கோபப்பட மெக்கானிக்குக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுவும் ஒரு எரிச்சலாகத்தான் இருந்தது. அன்று மனைவி ஏழு கவரையும் எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டாள். "இனிமே எதுக்கு?" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. நீட்டிக்கப்பட்ட பயிற்சியின் ஒரு பகுதியாக, சொந்த வீட்டில் எப்படி இருப்பது என்ற செயல்முறைப் பாடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் மூன்றரை வரை. இடம்: வாரியம் புதிதாக வாங்கியிருக்கும் மாதிரி வீடு. மெக்கானிக் விலாசத்தைப் படித்தான். மறுபடி படித்தான். நான்கு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி.

ஞாயிற்றுக்கிழமை ஆலோசகர் கட்டடத்தின் வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"உங்க விண்ணப்பத்துலதான் சார் இந்த வீட்டோட விவரமெல்லாம் இருந்துச்சு. கள ஆய்வாளர் வந்து பாத்தார். நல்ல காத்து, நல்ல வெளிச்சம், நியாயமான விலை. உங்க தேர்வை இயக்குநரே பாராட்டினார்."

"எந்தப் பணத்துல வாங்கினீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"தூய்மைக் கணக்குலேருந்துதாம்மா. அவ்வளவு பணத்தைச் சும்மா தூங்கவிடலாமா?"

அவள் விறுவிறுவென்று லிஃப்டுக்குள் போய் நின்றாள். லிஃப்டில் மூன்று மாடி ஏறுகிற வரைக்கும் மெக்கானிக் தரையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பாடத்துக்கு மதிப்பெண் பட்டியல் இருந்தது. சாவியால் கதவைத் திறத்தல், ஐந்து மதிப்பெண். விளக்கைப் போடுதல், ஐந்து. ஜன்னல் வழியாக மனநிறைவுடன் பார்த்தல், பத்து. விருந்தினரை வரவேற்றல், பத்து. விருந்தினராக வருவது ஆலோசகரேதான். அதனால் அவர் வெளியே நிற்க வேண்டும், குடும்பம் முதலில் உள்ளே போக வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து அவர் மணி அடிப்பார், அவர்கள் திறக்க வேண்டும். சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, "இயல்பா இருங்க. உங்க சொந்த வீடுன்னே நினைச்சுக்குங்க," என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். மூவரும் உள்ளே போனார்கள். வீடு காலியாக இருந்தது. டீச்சரம்மாவின் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் சதுரமாக வெளுத்திருந்தது. மகள் உள் அறைக்கு ஓடிப்போய்க் கையைக் காலை நீட்டித் தரையில் படுத்துக்கொண்டு, "அம்மா, இங்க சத்தமே இல்லம்மா!" என்று கத்தினாள். மெக்கானிக் சமையலறை ஜன்னலுக்குப் போனான். காற்று முகத்தில் அடித்தது. பத்து மதிப்பெண்ணுக்கு உரிய மனநிறைவு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒன்பது வருடம். வாங்காத பண்டம், போகாத இடம், கட்டாத பல், எல்லாம் சேர்ந்து இந்த ஜன்னலாகத்தான் நிற்கிறது, இதன் முன்னால் அரை மணி நேரம் நிற்கத் தனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கட்டுப்படுத்த முடியவில்லை. சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

மனைவி அழவில்லை. வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது.

"அம்மா, விருந்தினர் வந்திருக்கேன்," என்றார் ஆலோசகர் வெளியிலிருந்து.

மூன்றாவது தடவையும் மணி அடித்தது.

"அம்மா, மூணரை ஆகப் போகுது. அடுத்த குடும்பம் கீழ வந்து நிக்குது."

"நாங்க வெளிய வரல," என்றாள் அவள்.

"வரலைன்னா?"

"வரலைன்னா வரல."

வெளியே தாள் புரட்டும் சத்தம். ஆலோசகர் கையேட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மறுபடி பேசியபோது குரலில் கலக்கம் இருந்தது.

"அம்மா, பயிற்சி பெறுபவர் வெளியே வர மறுத்தால்னு இதுல தலைப்பே இல்லையே."

"புதுசா ஒண்ணு போடுங்க."

"நினைச்சா போட முடியாதும்மா. குழு கூடணும். சட்டப் பிரிவு பாக்கணும், நிதிப் பிரிவு பாக்கணும். அப்புறம் இயக்குநர் கையெழுத்து. என்ன அவசரப்படுத்தினாலும் பதினாலு மாசம் ஆகும்."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மனைவியின் காதோடு கேட்டான். "போலீஸைக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னா?"

வெளியே இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. "போலீஸுக்கு எழுதணும்னாலும் எந்தத் தலைப்புலன்னு கேப்பாங்க சார்," என்றார் அவர், நியாயமாக. "சார், நீங்களாவது சொல்லுங்க. நீங்க ஒழுக்கமான ஆளு."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். உள் அறையைப் பார்த்தான். மகள் அந்த வெறும் தரையிலேயே தூங்கிப்போயிருந்தாள். அவன் மனைவிக்குப் பக்கத்தில் போய், கதவில் முதுகைச் சாய்த்து, மெதுவாக உட்கார்ந்தான்.

"நாங்க இங்கயே இருக்கோம் சார். நீங்க போய் எழுதுங்க. பதினாலு மாசம் ஆனாலும் பரவாயில்ல. எங்களுக்குக் காத்திருந்து பழக்கம்தான்."

"அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துக்கு மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் கட்டணுமே. தண்ணி, வாட்ச்மேன், லிஃப்ட் எல்லாம் இருக்கே. அதை யார் சார் கட்டறது?"

"வீடு யாரோடதோ அவங்கதான் சார் கட்டணும்," என்றான் மெக்கானிக். "பில்லை வாரியத்துக்கு அனுப்பிருங்க."

கையேடு மறுபடி புரண்டது. ஒரு பக்கத்தில் வந்து நின்றது.

"ஆமா சார், இதுக்குத் தலைப்பு இருக்கு. வாரியச் சொத்துப் பராமரிப்பு," என்றார் ஆலோசகர். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது குரல். எழுதிக்கொண்டு படி இறங்கிப் போனார்.